லண்டனில் ‘கடதாசி இல்லை’ என்று தள்ளப்பட்டவர்களுக்கு நட்டஈடு: வன்னியிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி

“தம்பி, லண்டன்காரன் காசு குடுக்கிறானாம். எங்கட பெரியப்பாவுக்கும் வருமோ?”

தர்மபுரத்திலிருந்து ஓர் அக்கா இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. பெரியப்பா 1960களில் சிலோன் பாஸ்போட்டோடு போனவர். கலியாணம் கட்டவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வேலை. 2002 இல் சமாதானம் வந்து பாதை திறந்தபோது காணியைப் பார்க்க வந்தார். இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று இருந்துவிட்டார். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. பாஸ்போட் கடைசி யுத்தத்தில் மாத்தளன் மணலோடு போனது. முகாமிலிருந்து வெளியே வந்து, திரும்பிப் போகக் கேட்டபோது, நீர் அங்கே நிரந்தரமாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று மறுப்பு வந்தது. இப்போது அவர் இல்லை.

அந்த அக்காவோடு இருந்து படிவங்களை வாசித்து நிரப்பியபோது நான் அறிந்துகொண்டவை இவை. முதல் தடவையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் லோயர் இல்லை.

இது என்ன காசு?

திட்டத்தின் பெயர் விண்ட்ரஷ் நட்டஈட்டுத் திட்டம். 1948 ஜூனில் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்துக்கு வந்த ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலின் பெயர் அது. அந்தக் காலத்தில் பொதுநலவாய நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கள்ளமாகப் போனவர்கள் அல்லர். 1971 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1 நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் குடியேறியிருந்தவர்களின் உரிமை அப்படியே இருந்தது. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு துண்டுக் கடதாசியும் கொடுக்கவில்லை. நாற்பது வருடமாக யாரும் கேட்கவும் இல்லை.

2014, 2016 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டங்கள் வந்த பிறகு வேலை கொடுப்பவர், வீட்டை வாடகைக்கு விடுபவர், வங்கி என்று எல்லாரும் கடதாசி கேட்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட வயதில் போய் அங்கேயே கிழவரானவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 1950கள், 60களில் வந்திறங்கியவர்களின் பதிவு அட்டைகளை 2010 இல் ஹோம் ஒபீஸ், அதாவது அந்த நாட்டு உள்துறை அமைச்சு, தானே அழித்திருந்தது. 2018 இல் விஷயம் வெடித்தது. ஏப்ரலில் உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். 2019 ஏப்ரலில் நட்டஈட்டுத் திட்டம் தொடங்கியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. அதே 1948 இல்தான் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1977க்கும் 1983க்கும் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பிரஜாவுரிமைக் கடதாசி ஒன்றுக்காக எத்தனை வருடம் அலைந்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் உரிமையைக் கொடுத்தது. இழந்த வருடங்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. கிளிநொச்சியில் விண்ட்ரஷ் கதையைச் சொன்னால் அவர்களுக்குத்தான் எல்லாரிலும் முதலில் விளங்குகிறது.

முதலில், நீங்கள் இதற்குள் வருகிறீர்களா?

கப்பலின் பெயரைப் பார்த்துவிட்டு இது கரீபியன்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிலோனும் பொதுநலவாய நாடுதான். 1972 இல் குடியரசான பிறகும் அதில் மாற்றமில்லை. ஆகவே 1973 ஜனவரி 1க்கு முன் சிலோனிலிருந்து போய் அங்கே குடியேறியவர் இதற்குள் வருவார். அப்படிப்பட்டவரின் பிள்ளைகள் அங்கே பிறந்திருந்தாலோ, 18 வயதுக்கு முன் போயிருந்தாலோ அவர்களும் வருவார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் இடமுண்டு. குடியேறியிருந்துவிட்டு வெளிநாட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதால் உரிமை காலாவதியானவர்களுக்கும் கதவு பூட்டப்படவில்லை. அக்காவின் பெரியப்பா இந்த வகை.

அப்புறம் இன்னொரு திகதி இருக்கிறது: 1988 டிசம்பர் 31. அதற்கு முன் பிரித்தானியாவில் வாழ வந்து, அங்கே நிரந்தரமாக இருக்கும் உரிமையும் உள்ளவர் எந்த நாட்டவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 83 கலவரத்தோடு போனவர்கள் சிலருக்கு இது பொருந்தும். 1985 மே மாதம் வரை இலங்கையர் விசா இல்லாமலே அங்கே போய் இறங்க முடிந்தது என்பதால், அந்த வருடங்களில் போனவர்களின் பாஸ்போட்டில் விசா இல்லையே என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் போன திகதி மட்டும் போதாது, நிரந்தர உரிமையும் வேண்டும்.

இனிக் கசப்பான பகுதி. என்னிடம் விசாரித்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்லும் பதில் ‘இல்லை’தான். 1990க்குப் பிறகு போய் அகதி அந்தஸ்துக் கேட்டு மறுக்கப்பட்ட தம்பிக்கு இது இல்லை. மாணவர் விசா முடிந்து திருப்பி அனுப்பப்பட்ட மகளுக்கு இல்லை. விசிட் விசா கிடைக்காத அம்மாவுக்கும் இல்லை. அவர்களுக்கு நடந்தது அநியாயமாகக்கூட இருக்கலாம், ஆனால் இந்தத் திட்டம் அதற்கானது அல்ல. சட்டப்படி உரிமை இருந்தும் அதைக் காட்டக் கடதாசி இல்லாததால் நட்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது. இந்த ஒரு வசனத்தை வடிவாக மனதில் வைத்துக்கொண்டால் பஸ் காசு மிஞ்சும்.

மூன்று படிவம், ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்

பாதிக்கப்பட்டவர் தானே விண்ணப்பிக்க ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினருக்கு ஒன்று. அவர் இறந்துவிட்டால் அவருடைய உரித்துக்காக, அதாவது அவர் விட்டுப் போன சொத்துக்காக, இன்னொன்று.

நெருங்கிய உறவினர் என்ற சொல்லில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள். கணவன், மனைவி, இரண்டு வருடமாவது சேர்ந்து வாழ்ந்த துணை, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள். அவ்வளவுதான். எங்களுக்குப் பெறாமகளும் மகள்தான், மருமகனும் மகன்தான். அந்தப் படிவத்துக்கு அப்படி இல்லை. ஆகவே அக்கா உறவினராக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அவருடைய தகப்பன், அதாவது பெரியப்பாவின் தம்பி, உயிரோடு இருக்கிறார். சகோதரன் என்ற வகையில் அவர் தனக்கு வந்த நட்டத்துக்கும் மன வேதனைக்கும் தன் பெயரில் கேட்கலாம். அது பெரியப்பாவுக்குச் சேர வேண்டியதிலிருந்து வேறு. முதலில் அக்கா தன்னுடைய பெயரில்தான் படிவம் நிரப்பிக்கொண்டு வந்தார். கிழித்துப் போட்டுவிட்டு ஐயாவின் பெயரில் தொடங்கினோம்.

இறந்தவருக்குச் சேர வேண்டியதைக் கேட்பவர், அவருடைய உரித்தை நிர்வகிக்கத் தனக்குச் சட்ட உரிமை உண்டு என்று காட்ட வேண்டும். மரணசாதனம் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் நீதிமன்றம் கொடுக்கும் நிர்வாக அதிகாரப் பத்திரத்தின்படி. இதில் அவசரப்பட்டு லோயருக்குக் காசு கட்ட வேண்டாம். இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் எடுக்கும் பத்திரத்தை ஏற்பார்களா, இங்கிலாந்தில்தான் எடுக்க வேண்டுமா என்று திட்ட அலுவலகத்துக்கு முதலில் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு செலவழியுங்கள்.

உயிரோடு இருப்பவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அவருடைய உரிமையை உறுதிப்படுத்தும் கடதாசியை எடுப்பது விண்ட்ரஷ் திட்டம் என்ற வேறு விண்ணப்பம். அதற்கும் கட்டணம் இல்லை, வெளிநாட்டிலிருந்தும் போடலாம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றது தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆதாரம் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டு றங்குப்பெட்டியில்

போனவரிடம் இல்லாத ஆதாரம் அனேகமாக விட்டுவிட்டுப் போன வீட்டில்தான் இருக்கும். ஆனால் வன்னி வீடுகளில் அது எத்தனை இடப்பெயர்வைத் தாண்டியிருக்கும் என்பது வேறு கதை. ஆகையால் நகை நட்டை விட்டாலும் பைலை விடாத அம்மம்மா எந்த வீட்டில் இருந்தாரோ அந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பழைய வான்கடிதங்கள். நீல நிறத்தில் மடித்து ஒட்டிய அந்தக் கடிதங்களின் வெளிப்பக்கத்தில் அனுப்பியவரின் இங்கிலாந்து விலாசமும் திகதியோடு தபால் முத்திரையும் இருக்கும். 1969 முத்திரையோடு ஒரு கடிதம், 1972 முத்திரையோடு இன்னொன்று, இரண்டிலும் ஒரே ஊர் விலாசம் என்றால் அந்த மனிதர் அங்கே வாழ்ந்தார் என்பதற்கு அது சும்மா சாட்சி அல்ல. தயவுசெய்து முத்திரையை வெட்டிப் பிள்ளைகளின் அல்பத்தில் ஒட்டாதீர்கள். அக்காவின் பையில் இருந்த ஒன்பது கடிதங்களில் நாலில் முத்திரை இருந்த மூலை இல்லை!

அடுத்தது காணி உறுதிகள். இதைப் பலர் நினைப்பதே இல்லை. அங்கே இருந்தவர் இங்குள்ள காணியை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அனுப்பியிருப்பார். அதில் அவருடைய லண்டன் விலாசமும், கையெழுத்து வைத்த திகதியும், உறுதிப்படுத்திய அதிகாரியின் முத்திரையும் இருக்கும். வீட்டில் இருந்த உறுதி தொலைந்திருந்தாலும் நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியைத் தேடலாம். கிளிநொச்சிக் காணி என்றாலும் பழைய காலத்துப் பதிவென்றால் யாழ்ப்பாணத்தில் விசாரிக்க வேண்டி வரும்.

பிறகு கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற புத்தகத்தில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘லண்டன்’ என்று போட்டிருப்பார்கள். 1971 இல் அச்சிட்ட கல்வெட்டில் அப்படி இருந்தால் அந்த வருடத்தில் அவர் அங்கே என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. தனியாக அது பலமான ஆதாரம் அல்ல, மற்றவற்றுக்கு முட்டுக்கொடுக்கும். கலியாணக் காட், ஸ்டூடியோ முத்திரை போட்ட படம், காசு அனுப்பிய வங்கித் துண்டு எல்லாம் இதே வகை.

அங்கே தேட வேண்டியதை அங்குள்ள சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். அங்கே வேலை செய்கிறவருக்குக் கொடுக்கிற தேசியக் காப்புறுதி இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எந்தெந்த வருடம் வேலை செய்தார் என்பது அதன் பதிவில் இருக்கும். குடும்ப வைத்தியரிடம் பதிந்த திகதி, பள்ளிக்கூடப் பதிவு, தொழிற்சங்க அட்டை, நகரசபை வீட்டு வாடகைப் புத்தகம். வாக்காளர் இடாப்பையும் பாருங்கள். பொதுநலவாய நாட்டவர்களுக்கு அங்கே வாக்குரிமை உண்டு. ஆகவே 1960களின் இடாப்பில் அவருடைய பெயர் விலாசத்தோடு இருக்கலாம்.

எல்லாம் கிடைக்காவிட்டால் கைவிடாதீர்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கும் அளவுக்கு ஆதாரம் கேட்பதில்லை. நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்று தெரிந்தால் போதும் என்பதே விதி. உங்களிடம் இல்லாததை வரித் திணைக்களத்திடமும் மற்ற அரச திணைக்களங்களிடமும் அவர்களே கேட்டுப் பார்ப்பார்கள். அதற்கு உங்கள் சம்மதக் கையெழுத்து படிவத்தில் இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழும் பெயரும்

1940களில் கிளிநொச்சியில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருக்கும், ஏனென்றால் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். முல்லைத்தீவு 1978 இல் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. லண்டனில் இருந்து பார்க்கிற அதிகாரிக்கு இது இரண்டு வேறு ஆட்கள் போலத் தோன்றும். ஒரு பக்கத்தில் மூன்று வரி விளக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பதிவுப் புத்தகமே அழிந்துபோன இடங்களுக்கு, பிரதேச செயலகத்தில் தேடல் செய்து ‘பதிவு இல்லை’ என்று எடுத்து, பிறகு உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போக வேண்டும். ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் இல்லாமல் அங்கே எதுவும் நகராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பெயர் இதைவிடச் சிக்கல். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் வைப்போம். அங்கே போனதும் சிலருக்கு அது முதற்பெயராகவும் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் மாறிவிட்டது. சிலர் பெயர் நீளம் என்று பாதியை வெட்டினார்கள். ‘பிள்ளை’ என்று முடிகிற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எந்தப் பத்திரத்தில் எந்த வடிவம் என்று காட்டி, எல்லாம் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். மூலப்பிரதியைத் தபாலில் அனுப்பாதீர்கள். நல்ல ஸ்கான் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பலாம்.

நட்டத்தை எழுதுவது

கட்டிய விண்ணப்பக் கட்டணங்கள், இழந்த வேலை, கிடைக்காமல் போன சிறுவர் கொடுப்பனவு, மறுக்கப்பட்ட வீடு, வைத்தியம், படிப்பு, வங்கிக் கணக்கு, தடுத்து வைத்தது, நாடு கடத்தியது, வீடில்லாமல் நின்றது என்று படிவம் ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரு கொப்பி எடுத்து, வருடத்தையும் மாதத்தையும் இடப்பக்கம் போட்டு, வலப்பக்கம் என்ன நடந்தது என்று தமிழிலேயே எழுதுங்கள். கடதாசிப் பிரச்சினையைத் தீர்க்க எப்போது, யாருக்கு எழுதினீர்கள் என்பதையும் சேருங்கள். அதைக் கட்டாயம் பார்ப்பார்கள். குற்றத் தண்டனை ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டாம். பாரதூரமானது என்றால் நட்டஈட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு, மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

வாழ்க்கையில் ஏற்பட்ட பாதிப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குத்தான் மிகக் கவனம் வேண்டும். தொடக்கத்தில் அதற்கு 250 பவுணிலிருந்து 10,000 பவுண் வரை என்று வைத்திருந்தார்கள்; பலத்த கண்டனத்துக்குப் பிறகு 2020 டிசம்பரில் 10,000 பவுணை ஆரம்பமாக்கி 100,000 பவுண் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் என்று மாற்றினார்கள். பாதிக்கப்பட்டவர் தகுதியானவர், ஓரளவாவது பாதிப்பு உண்டு என்று தெரிந்ததும் 10,000 பவுணை முற்கொடுப்பனவாகக் கொடுப்பதும் அப்போது வந்ததுதான்.

இந்தப் பகுதியில் எங்கள் ஆட்கள் ‘மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கிறார்கள். அதை வாசிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. என்ன நடந்தது என்று சொல்லுங்கள். தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்ற பயத்தில் மூத்த மகன் வரவில்லை, கொள்ளி வைத்தது மருமகன். ஒரு தமிழனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பது என்றால் என்ன, அது தவறினால் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று இரண்டு வசனத்தில் எழுத வேண்டும். வைத்தியரின் கடிதம் இருந்தால் அதையும் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த நாட்களில் கூட இருந்தவர் ஒருவரின் கையெழுத்திட்ட கூற்று.

அனுப்பிய பிறகு

முன்பு முடிவுத் திகதி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆகவே ‘நாளைக்குக் கடைசி நாள்’ என்று அவசரப்படுத்துகிறவரை நம்பாதீர்கள். விண்ணப்பத்துக்கு ஒரு பவுணும் கட்டணம் இல்லை. வருகிற காசில் இத்தனை வீதம் என்று பேசுகிற தரகர்கள் வவுனியாவிலும் இருக்கிறார்கள், லண்டனிலும் இருக்கிறார்கள். நானே ஒருவரிடம் படிவம் வாங்கக் காசு கொடுத்து ஏமாந்தேன். அரசாங்கத் தளத்தில் சும்மா கிடக்கிற படிவம் அது. பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை சொல்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டால் பலர் அடுத்த அழைப்பை எடுப்பதில்லை. இந்த நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு அரசின் சட்ட உதவிப் பணம் பொதுவாகக் கிடையாது. ஆனால் லண்டனில் சதர்க் சட்ட மையம் போன்ற இலவச சட்ட நிலையங்கள் உதவி செய்கின்றன. சொந்தக்காரர் ஒருவர் அங்கே நேரில் போய்க் கேட்பது நல்லது.

காத்திருப்பு நீளம். முடிவு வரும் முன்பே கண்மூடியவர்கள் பலர். தவறு செய்த அமைச்சே நட்டத்தையும் அளக்கக் கூடாது, வேறு சுயாதீன அமைப்பிடம் கொடுங்கள் என்று 2021 நவம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழுவே சொன்னது, அமைச்சு விடவில்லை. ஆகவே விண்ணப்ப இலக்கம் வந்ததும் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, மாதம் ஒரு தடவை மின்னஞ்சலில் விசாரியுங்கள். வயதும் நோயும் இருந்தால் அதைச் சொல்லி முன்னுரிமை கேளுங்கள்.

மறுத்தாலோ தொகை குறைவென்றாலோ இரண்டு மாதத்துக்குள் மீளாய்வு கேட்கலாம். முதலாவது மீளாய்வு ஹோம் ஒபீஸுக்குள்ளேயே, வேறொரு அதிகாரியிடம். அதிலும் திருப்தி இல்லாவிட்டால் அமைச்சுக்கு வெளியே உள்ள அட்ஜுடிகேட்டர் (நடுவர்) அலுவலகத்துக்குப் போகலாம். மறுப்புக் கடிதத்தில் எந்தப் பந்தியில் என்ன ஆதாரம் போதாது என்கிறார்களோ, அந்தப் பந்திக்கு மட்டும் பதில் எழுதுங்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்ல வேண்டாம்.

வங்கிக் கணக்கில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், படிவத்தில் உள்ள பெயர் மூன்றும் ஒரு எழுத்தும் பிசகாமல் இருக்கட்டும். உரித்தாளர்கள் ஐந்தாறு பேர் என்றால் பங்கு எப்படி என்பதை இப்போதே எழுதி எல்லாரும் ஒப்பமிடுங்கள். அக்கா வீட்டில் ஐயாவும், கனடாவில் இருக்கிற மாமியும், வவுனியாவில் இருக்கிற சித்தப்பாவும் போன மாதம் அந்தத் தாளில் ஒப்பமிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மூலை வெட்டாத ஐந்து கடிதங்களும் ஸ்கான் ஆகிப் போய்விட்டன.